கரை சேருமுன் சொல்லிவிட வேண்டும்

முதலில் அந்த நாற்காலியில் உட்காராமல் இந்த நாற்காலிக்கு வந்துவிடுங்கள் தம்பி. அதில் ஒரு ஆணி தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ பேருடைய கால்சட்டையைப் பதம் பார்த்த ஆணி. உட்கார்ந்து கிழிந்த பிறகு சொல்வதைவிட உட்காருமுன் சொல்வது நல்லது இல்லையா. இந்த அறையில் நான் பிழைப்பு நடத்துவதே அந்த ஒரு கொள்கையை வைத்துத்தான்.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் நீட்டிய காகிதத்தில் என் வாக்குமூலத்தை நீங்கள் கேட்டபடியே எழுதித் தருகிறேன். "நடந்தத நடந்தபடி எழுதுங்கம்மா, அது போதும்" என்றீர்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வராது. இத்தனை காலத்தில் இந்தக் கை ஒரு பொய்யை எழுதியதில்லை. நான் எழுதி முடிக்கும்போது நீங்களே அதை ஒப்புக்கொள்வீர்கள்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு இதை வேறு யாராவது படித்தாலும் விளங்க வேண்டுமே. கடல் கடந்து நம் துறைமுகத்துக்குத் தின்னும் பொருள் எது வந்தாலும், அது வந்து சேர்வதற்கு முன்பே உங்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். என்ன பொருள், அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது, யார் செய்தது, எந்த இடத்தில் செய்தது, எத்தனை பெட்டி, எந்தக் கப்பல். கப்பல் கரை தொடுவதற்கு அரை நாள் முன்னதாகவாவது அந்த முன்னறிவிப்பு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் எதைத் திறந்து பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று நீங்கள் யோசித்து ஆள் அனுப்ப முடியும். கெட்டுப்போன பொருளை ஊர் சாப்பிட்ட பிறகு சொன்னால் அதற்குப் பெயர் அறிவிப்பு இல்லை, துக்கச் செய்தி. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். நல்ல சட்டம். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் பாசமே உண்டு.

வெளிநாட்டு வியாபாரிகளுக்காக அந்த அறிவிப்பைப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. தையல்கடைக்கு மேலே இந்த ஒரே அறை, ஒரு கணினி, கிடங்கைப் பார்த்த ஜன்னல். மற்ற ஏஜென்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவார்கள். என்னுடையது எப்போதும் முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் கிடங்கில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வெளியே துருத்திக்கொண்டு நின்றாலும் அதுவும் கொட்டைதானே, உள்ளே பருப்பு இருக்கிறது.

இனி என் சம்பந்தியம்மாவுக்கு வருகிறேன். அவர்களைப் பற்றி ஒரு குறையும் எழுத மாட்டேன், ஏனென்றால் குறை இல்லை. அதுதான் அவர்களிடம் இருக்கிற ஒரே தொல்லை.

என் மகனுக்கு வாய்த்த பெண் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்காரி. அவளுடைய அம்மா அங்கே ஒரு கொட்டகை போட்டு, ஏழெட்டுப் பெண்களை வைத்துக்கொண்டு, பழ ஜாம் காய்ச்சி விற்கிறார்கள். கணவர் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை இங்கே வருவார்கள், சொல்லாமல் வருவார்கள். வாசலில் நின்றுகொண்டு, "சம்பந்தி, நான்தான், திடுக்குன்னு வந்து நின்னா ஒரு சந்தோஷம் இருக்குல்ல" என்பார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முன்னாலேயே தெரிந்திருந்தால் படுக்கை விரிப்பை மாற்றி வைத்திருப்பேன் அல்லவா. வந்து கால் கழுவினதும் நேரே என் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் போன தடவை இடம் மாற்றி அடுக்கினதே அவர்கள்தான்.

எங்கள் வீட்டில் அத்தை என்றால் இரண்டு பேர். மருமகளுக்கு நான் அத்தை, மகனுக்கு அவர்கள் அத்தை. "அத்தை செஞ்சதா?" என்று மகன் கேட்டால் அது நான் இல்லை. பிறந்ததிலிருந்து அவன் என் கைச் சோற்றைத்தான் தின்று வளர்ந்தான். தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவான், பேப்பர் படித்துக்கொண்டு சாப்பிடுவான், பாதியில் எழுந்து போய் யாருடனாவது பேசிவிட்டு வந்து சாப்பிடுவான். ஆனால் அந்த ஜாமை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வான். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். வாக்குமூலம் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் கண் மூடப் பார்த்தது. நான் மூடவில்லை.

ஒருநாள் எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தவர் அதை ருசி பார்த்தார். அவருக்கு ஊரெங்கும் கிளைகள். "இதக் கப்பல்ல வரவழைக்க முடியுமா?" என்று கேட்டார். அடுத்த நிமிடமே என் மருமகள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கு இங்கே கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம். அப்புறம் என்னிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

"சம்பந்தி, எனக்கு இந்த அறிவிப்பு அது இதெல்லாம் ஒரு எழவும் புரியாது. நீங்க இருக்கும்போது நான் எதுக்குப் புரிஞ்சுக்கணும்? எல்லாம் உங்க பொறுப்பு."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்றேன். பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அப்போது என் மனசில் ஒன்றுமில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுகிறேன், படிக்கும்போது தெரியட்டும்.

முதல் சரக்குக்கான அறிவிப்பை எப்போதும்போல் முந்தியே போட்டேன். ஏற்றுக்கொண்டோம் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. கப்பலும் புறப்பட்டது. அன்றைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது தையற்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, தம்பி நிஜமாவே போறானா?"

"எங்க?"

"அட, மாமியார் ஊருக்குத்தான். அங்கயே இருந்து வியாபாரத்தப் பாத்துக்கப் போறானாமே. குளிர் ஊராம். முழுக்கைச் சட்ட தைக்கக் குடுத்திருக்கான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, தைக்க ஒன்றும் இல்லாத வெறும் துணியின்மேல் இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போய் மகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "சரக்கு நல்லபடியா எறங்கட்டும்னு இருந்தேன்மா. எறங்கினதும் உங்கிட்ட சொல்லலாம்னு."

சரக்கு இறங்கினால் போவான். இறங்காவிட்டால் போகமாட்டான். இவ்வளவுதான் விஷயம். அவன் வேலை பார்க்கிற இடத்தில் தெரியும், அவன் மாமியாருக்குத் தெரியும், தையற்காரருக்குத் தெரியும். இந்தத் துறைமுகத்துக்கு ஒரு மூட்டை மிளகு வருவதென்றால்கூட எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். என் வீட்டிலிருந்து என் பிள்ளை போவது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் நான் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. கோபப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. அன்றைக்கு நான் சோற்றை வடித்துப் பரிமாறிவிட்டு, அவனுடைய முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் நிறம் எதுவென்று நிதானமாக விசாரித்தேன்.

கப்பல் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் சம்பந்தியம்மா போன் செய்தார்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பானையில் கொதிப்பதெல்லாம் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

"சம்பந்தி, ஒரு சமாச்சாரம். கடைசியாக் காய்ச்சினதுல எலுமிச்சை பத்தல. என்ன பண்றது, பக்கத்து வீட்டு மரத்துல புளிச்ச நெல்லிக்கா கெடச்சுது. அதப் புழிஞ்சு விட்டேன். ருசி அப்படியே அள்ளுது. தப்பில்லையே?"

"தப்பா? சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிய உபகாரம்" என்றேன்.

உங்கள் சட்டத்தில் ஒரு சின்ன விதி இருக்கிறது. வெளியாட்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். ஏற்றுக்கொண்ட அறிவிப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. தவறு தெரிந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். புதிதாகப் போட்டால் நேரக் கணக்கும் அந்த நொடியிலிருந்துதான் தொடங்கும். நான் சொன்ன அறிவிப்பில் எலுமிச்சை என்று இருக்கிறது. வருகிற பெட்டிகள் சிலவற்றில் நெல்லிக்காய் இருக்கிறது. அப்படியானால் என் அறிவிப்பு பொய். யாருக்காவது நெல்லிக்காய் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனால் யார் பதில் சொல்வது? உண்மையைத் திருத்தத்தானே வேண்டும். திருத்தினேன்.

நீங்கள் வந்ததும் வராததுமாகக் கேட்டீர்களே, "ஏம்மா, காலையிலயே தெரியும்ல, அப்பவே மாத்தியிருந்தா நேரம் இருந்திருக்குமே" என்று. இருந்திருக்கும். மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் எனக்கு வேலை இருந்தது. தேநீர் போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவினேன். ஜன்னல் கம்பியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். ஒரு பெண்பிள்ளை அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிறகு இன்னொரு தேநீர் போட்டேன், அதையும் குடித்தேன். சாயங்காலம் அரை நாள் கெடு தாண்டியதும் பழைய அறிவிப்பை ரத்து செய்து, புதியதை ஒரு பிழையில்லாமல் போட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் கப்பல் வந்தது. சரியான காலத்தில் வந்த அறிவிப்பு இல்லாத சரக்கு என்று கிடங்குக்கு வெளியே வெயிலில் நிறுத்திவைத்தார்கள். திருப்பி அனுப்பக் கப்பல் கிடைப்பதற்குள் உள்ளே எல்லாம் நுரைத்துப் பொங்கிவிட்டது. மூடிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கிற சத்தம் இந்த அறைவரை கேட்டது. மற்ற ஏஜென்சிக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "முந்திரிக்கொட்டைக்கே இப்படியா" என்று ஒருவர் படிக்கட்டில் சொல்லிக்கொண்டு போனார்.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். இப்படிப்பட்ட செய்தியை அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது, அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என் வாய்தான் சம்பந்தி, என் அவசரப் புத்திதான். நீங்க எவ்வளவு நேர்மையா இருக்கீங்க. நான்தான் நெல்லிக்காயப் போட்டுக் கெடுத்தேன்" என்று அவர்கள் அழுதார்கள்.

"விடுங்க சம்பந்தி, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன்.

மகன் சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்தான். அந்த வாரம் முழுவதும் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்தேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டான்.

ரொட்டிக்கடைக்காரர் நல்ல மனுஷர், இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இந்தத் தடவை சம்பந்தியம்மா படு ஜாக்கிரதை. கொட்டகையில் வேலை செய்கிற பெண்களை, அறிவிப்பில் எழுதாத எதையும் பானைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தார்களாம். எலுமிச்சையை எண்ணி வாங்கினார்களாம். போன் செய்தால் "ஒண்ணும் மாறல சம்பந்தி, எல்லாம் சொன்ன மாதிரியே" என்று ஒப்பிப்பார்கள். தினமும் அதையே கேட்டுக்கேட்டு எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. உண்மையே ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் என்னைப்போல உண்மையை நம்பிப் பிழைப்பவள் என்ன செய்வது.

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள். இடம் இல்லாவிட்டால் கொஞ்சம் இடம் கேட்டுப் பார்க்கலாம், அதில் தவறில்லை. அறிவிப்பைப் போட்டு முடித்து, அதற்குப் பதிலும் வந்த பிறகு நானே அவர்களுக்குப் போன் செய்தேன்.

"சம்பந்தி, உங்க ஊர்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி இருக்கா. துறைமுகத்துக்குப் பக்கத்துலதான் வீடு. உங்க ஜாமப் பத்தி அவகிட்ட ரொம்பப் பெருமையாச் சொல்லணும்னு ஆசை. ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு பெட்டிய எடுத்து அவளுக்குக் குடுத்துடுங்களேன். என் பேரச் சொல்லி."

"நீங்க என் ஜாமப் பெருமையாச் சொல்றீங்களா சம்பந்தி?" என்று கேட்டார்கள்.

"பின்ன, உள்ளதத்தான சொல்றேன்."

"இத்தன வருஷத்துல நீங்க ஒரு வார்த்த சொன்னதில்லையே. உங்களுக்குப் பிடிக்காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு பெட்டி என்ன சம்பந்தி, நானே சுமந்துட்டுப் போய்க் குடுத்துட்டு வரேன்."

அப்படியொரு தோழி எனக்கு இருப்பது உண்மை. அவளிடம் பேசிப் பல வருடமாகிறது என்பதும் உண்மை. சம்பந்தியம்மா சொன்னபடியே தானே சுமந்து போய்க் கொடுத்தார்கள். தோழி அன்றைக்கே எனக்குப் போன் செய்து, யாரோ ஒரு மகராசி வந்து பெட்டியை வைத்துவிட்டு உன்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டுப் போகிறாள், நீ என்ன பெரிய ஆளாகிவிட்டாயா என்று கேட்டாள்.

ஆக, அறிவிப்பில் சொன்னதைவிட ஒரு பெட்டி குறைவு. ஒரு பெட்டிதானே, அதில் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைப்பதில்லை. ஒரு பெட்டி குறைந்தால், அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று ஒரு நல்ல அதிகாரி கேட்பார். கூடினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். கணக்கு உதைக்கிற இடத்தில்தான் கள்ளச் சரக்கு நுழையும். உங்களைப்போன்ற ஒருவரை அப்படிக் குழப்பத்தில் விடலாமா. கப்பல் வருவதற்கு முந்தின நாளும் தேநீர் குடித்தேன். ஜன்னல் கம்பியில் தூசி இல்லை, அதனால் படிக்கட்டைப் பெருக்கினேன். கெடு தாண்டியது. திருத்தினேன்.

இந்த முறை சம்பந்தியம்மாவே அதே கப்பலில் வந்து இறங்கினார்கள், வழக்கம்போல் சொல்லாமல். தன் சரக்கு இறங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள், அது ஒதுக்கி நிறுத்தப்படுவதைப் பார்த்தார்கள். உங்கள் ஆட்கள் சில பாட்டில்களை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் சுத்தமான பொருளாக இருந்தாலும் அறிவிப்பு செல்லாது என்றால் செல்லாதுதான். அது சரியான விதி. இன்றைக்கு ஜாமுக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு விஷத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவரும். ரொட்டிக்கடைக்காரர் இனிமேல் வேண்டாம் என்று கைகழுவிவிட்டார். திருப்பி எடுத்துப்போகச் சம்பந்தியம்மாவிடம் வழியில்லை. அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கிடங்கின் பின்பக்கத்தில் வைத்து உருளை வண்டியை ஏற்றி நசுக்கினார்கள். நானும் போயிருந்தேன், அவர்களைத் தனியே விட மனசு வரவில்லை. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் பெரிதாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. செக்கச்செவேல் என்று தரையெல்லாம் ஓடியது. துறைமுகம் பூராவும் இனித்தது தம்பி. எப்போதும் மீன் நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அடிக்கிற இடம், அன்றைக்குக் கல்யாணக் களை கட்டி நின்றது. குளவிகள் எங்கிருந்துதான் வந்தனவோ. சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குனிந்து, விரலால் தொட்டு நக்கிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். கண்ணை மூடித்தான் நக்கினார்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த ஒரு பெட்டிய நான் கப்பலேத்தியிருந்தா இது நடந்திருக்காதுல்ல சம்பந்தி?" என்று கேட்டார்கள்.

"நடந்திருக்காது" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

"ஆனா நீங்க ஆசையாக் கேட்டீங்க. அதனால எனக்கு வருத்தமில்ல" என்றார்கள்.

நான் கையை உருவிக்கொண்டு, அவர்கள் சேலையில் வந்து உட்கார்ந்த குளவியைத் தட்டிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் கொட்டகையை மூடிவிட்டார்கள். படுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சாப்பிடுவதில்லையாம். அதைவிட மோசம், பேசுவதில்லையாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினாள் என்று ஊரில் என்னைப் பற்றி யாராவது சொல்லக்கூடும். தொட்டிலை நான் மனசாரத்தான் ஆட்டினேன். தினமும் போன் செய்தேன். அவர்கள் எடுத்து "ம்" என்பார்கள். நான்தான் பேசுவேன். இத்தனை வருடமாக அவர்கள் பேசி நான் "ம்" சொன்னது தலைகீழாகிவிட்டது.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் மகன் பேப்பரைத் தள்ளிவைத்தான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அம்மா, போன தடவ மாதிரி இல்ல. இத உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் அத்தைகிட்டப் போறோம். அவங்க எழுந்து நடமாடணும். கொட்டகையத் தெறக்கணும். நான் இல்லாம முடியாது. நீயும் எங்ககூட வந்துடேன்மா."

மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வாங்க அத்தை. எங்கம்மா உங்க குரலுக்குத்தான் கொஞ்சம் எழுந்து உக்கார்றாங்களாம்" என்றாள். நல்ல பெண். அவள்மேலும் எனக்கு ஒரு குறை கிடையாது.

எனக்குத் துறைமுகத்தில் வேலை இருக்கிறது என்றேன். உண்மைதானே. அதோடு, அந்த வீட்டில் அடுப்படி ஒன்றுதான்.

என் பிள்ளை இந்தத் தடவை முறையாக, முன்னதாக, எனக்கே முதலில் சொன்னான். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதனால், இதற்குப் பிறகு நான் செய்ததைக் கோபத்தில் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு விளக்கமாக எழுதினேன்.

இன்று காலையில் இருவரையும் கப்பலேற்றிவிட்டு இந்தப் படிக்கட்டில் ஏறும்போதுதான் நீங்கள் கீழே தையற்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கேட்க வந்தது இரண்டு சரக்கைப் பற்றி. அதற்குப் பதில் எழுதியாயிற்று. தெரிந்தேதான் செய்தேன், நேரம் தப்பட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஊர் நன்மைக்காகச் செய்தேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நீங்கள் நம்புவீர்கள் என்றுகூடத் தோன்றுகிறது. நான் பாதி நம்புகிறேன்.

காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறது, அதனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பின்னால் தெரிந்து நீங்கள் சங்கடப்படக் கூடாது.

என் மகனுக்குப் பை கட்டிக் கொடுப்பது எப்போதும் நான்தான். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்க்க மாட்டான். அந்த நாட்டில் இறங்குகிறவர்கள், பையில் தின்னும் பொருள் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவன் யோசிக்காமல் போடுவான். இறைச்சியும் மண் ஒட்டின கிழங்கும் அங்கே ஆகவே ஆகாது. அவற்றை ஒளித்துக் கொண்டுவந்து பொய்க் கையெழுத்தும் போட்டவனை அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் பல வருடத்துக்கு அந்த மண்ணை மிதிக்க விடமாட்டார்கள். மருமகள் அந்த நாட்டுப் பெண், அவளை உள்ளே விட்டுவிடுவார்கள். பை அவன் பெயரில் இருக்கிறது, அவளுக்குச் சிக்கல் வராது, அதை நான் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் பெண் போய்ச் சேர்ந்துவிடுவாள். என்னிடம் பிள்ளை வந்து சேர்ந்துவிடுவான். கூட்டிக் கழித்துப் பாருங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

அங்கே இறங்குதுறையில் இருக்கிற அலுவலகத்துக்கு நேற்றே அறிவித்துவிட்டேன். பயணி யார், எந்தக் கப்பல், நீல நிறப் பை, உள்ளே அடிப்பக்கம், சட்டைகளுக்குக் கீழே. ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்துவிட்டது. நீங்கள் போனை எடுக்க வேண்டாம் தம்பி, கப்பல் இந்நேரம் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்கும். அறிவிப்பில் விவரம் தப்பாக இருக்குமோ என்றும் கவலைப்பட வேண்டாம். உப்புப் போட்டுக் காயவைத்த இறைச்சியையும், கழுவாத கிழங்கையும் துணியில் சுற்றி, வாசம் வராமல் இறுக்கி வைத்தது நான்தான்.

கோபமாகத்தான் வருவான். எப்படி வந்தால் என்ன, வீட்டுக்குத்தானே வருகிறான்.